கோகிலவாணி கேட்ட டிரைவர்

கோகிலவாணியைப் பற்றிச் செம்மேட்டில் இப்போது ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். டிரைவர் காளியண்ணனுக்கு அவள் மந்திரித்துவிட்டாள் என்கிறார் ஒருத்தர். அவருக்கு முதலில் ஒன்றுமே இல்லை, வேலைக்குப் போகச் சோம்பல்பட்டு நடித்தார் என்கிறார் இன்னொருத்தர். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பக்கத்துக் கடையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தவன் நான். அது மட்டுமா, அந்தக் கூத்தைத் தொடங்கி வைத்தவனும் நான்தான், அதுவும் அறிவில்லாமல். ஆகவே ஒழுங்காகச் சொல்ல வேண்டிய பொறுப்பும் என்னுடையதுதான்.

என் பெயர் அப்துல் சுக்கூர். சொந்த ஊர் துறையூர். கொல்லிமலையில் மிளகும் பலாவும் வாங்கிக் கீழே அனுப்புகிற வியாபாரம். செம்மேட்டில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே எனக்கு இரண்டு அறை. ஒன்றில் மிளகு மூட்டைகள் கிடக்கும். இன்னொன்றை வாடகைக்குக் கேட்டுத் தொண்ணூற்றெட்டில் ஒரு பெண் வந்து நின்றாள். அரியூர் நாட்டுச் செங்கோடன் மகள். செங்கோடன் மரவள்ளி போடுகிறவர், என்னிடம் மிளகு கொடுத்துப் பழக்கம். மகள் நாமக்கல்லில் விடுதியில் தங்கிக் கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்துவிட்டு வந்திருந்தாள்.

"என்ன கடைம்மா வைக்கப் போற?"

"கம்ப்யூட்டர் கடைங்க பாய். டைப் பண்ணித் தருவேன், சொல்லித் தருவேன், கேமும் வெப்பேனுங்க."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். "இங்க கரண்டே விருந்தாளி மாதிரி வருது. நீ கேம் வைக்கிறியா?"

அவள் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. "கரண்டு வர்ற நேரத்துல ஓட்டிக்கறேனுங்க," என்று சொல்லிவிட்டுச் சாவிக்குக் கையை நீட்டினாள். அவளுடைய குணம் மொத்தமும் அந்த நீட்டின கையில் இருந்தது. எனக்குத்தான் அன்றைக்குத் தெரியவில்லை.

இரண்டு கம்ப்யூட்டர். இரண்டுமே சேலத்தில் பழைய உதிரிகளை வாங்கி அவளே பூட்டியவை. ஒன்றின் மூடி இன்னொன்றுக்குப் பொருந்தாது. எந்த நேரமும் எதையாவது பிரித்துப்போட்டு அதன் நடுவில் உட்கார்ந்திருப்பாள். என் மனைவி மஹ்மூதா பீவி சாப்பாடு கொண்டுவரும்போதெல்லாம் எட்டிப் பார்த்துவிட்டு, "நீங்க மிளகைப் புடைக்கிற நேரத்துக்கு அந்தப் புள்ள ஒரு மெஷினையே பெத்துடும் போல," என்பாள். எனக்கு ஒரு குத்தல் விடாமல் அவளுக்குச் சோறு இறங்காது.

இனி காளியண்ணன். இருபத்திரண்டு வருஷம் இந்த மலையில் தனியார் பஸ் ஓட்டிய டிரைவர். எழுபது கொண்டை ஊசி வளைவையும் கண்ணை மூடிக்கொண்டு எண்ணுவார். தொண்ணூற்றொன்பது மார்கழியில், வளைவுகள் முடிகிற சோளக்காட்டுக்குக் கீழே, பனி மூட்டத்தில் பஸ்ஸின் பின்சக்கரம் கைப்பிடிச் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டது. உள்ளே ஐம்பத்துமூன்று பேர். காளியண்ணன் பிரேக்கை மிதித்தபடி அசையாமல் உட்கார்ந்திருக்க, ஒவ்வொருத்தராக முன்வாசல் வழியே இறங்கினார்கள். நாற்பது நிமிஷம். ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை. எல்லாரும் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள்.

அடுத்த வாரம் மறுபடி பஸ் எடுத்தார். மூன்றாவது வளைவிலேயே நிறுத்திவிட்டார். இறங்கிப்போய்ச் சுவரில் உட்கார்ந்துகொண்டார். எத்தனை பேர் கூப்பிட்டும் எழுந்து வரவில்லை. ஜனங்கள் நடுரோட்டில் ஒன்றரை மணி நேரம் நின்றார்கள், வேறு டிரைவர் வந்துதான் பஸ் நகர்ந்தது. கும்பிட்ட அதே வாய்கள் அன்றைக்கு ஏசின. பஸ் முதலாளி நல்ல மனுஷன்தான், அவரும் எவ்வளவு பொறுப்பார்? ஆடிப் பதினெட்டுத் திருவிழாவுக்கு அதிகப்படி பஸ் விட வேண்டும், அன்றைக்கு வந்து வண்டியை எடுத்தால் வேலை உண்டு, இல்லாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் போட்டுவிடுவேன் என்று சொல்லிவிட்டார்.

அதிலிருந்து காளியண்ணன் தினமும் காலையில் என் கடைக்கு வந்து மூட்டைமேல் உட்காருவார். முதுகுவலி என்பார். எதிரே வந்து நிற்கிற ஒவ்வொரு பஸ்ஸின் சத்தத்தையும் கேட்டு, "கிளட்ச் தேஞ்சு போச்சுங்க," "டீசல்ல காத்து அடைக்குதுங்க," என்று எனக்கு மட்டும் சொல்லுவார். ஓட்டுகிறதைத் தவிர வேறு ஒன்றும் தெரியாத மனுஷர்.

இரண்டாயிரம், வைகாசி. பலா சீசன். கோகிலவாணி என் கடைக்குப் போன் பேச வந்தாள். சேலத்துக் கடைக்காரன் எவனிடமோ பேசினாள். சாதாரணமாக மெல்லப் பேசுகிறவள் அன்றைக்குச் சத்தம் போட்டாள்.

"டிரைவர் இல்லாம அனுப்பிட்டீங்க... ஆமாங்க, டிரைவர் இல்லாம எப்படிங்க ஓடும்? வண்டி சத்தமே இல்லாம நிக்குது. எனக்கு நாளைக்கே டிரைவர் வேணுமுங்க!"

கேட்டுக்கொண்டே இருந்த எனக்குப் புத்தி வேகமாக ஓடியது. ஆகா, இந்தப் பெண் சத்தமில்லாமல் ஒரு வேன் வாங்கிவிட்டாள், ஓட்ட ஆள் இல்லை. சின்ன வண்டி, மலைமேலேயே ஓட்டுகிறது, காளியண்ணனுக்கு மெல்லமெல்லப் பயம் தெளியும். அல்லாவே வழி காட்டிவிட்டான் என்று நினைத்து, டீ குடிக்கப் போயிருந்த காளியண்ணனைத் தேடிப் பிடித்தேன். "கோகிலவாணிக்கு அவசரமா ஒரு டிரைவர் வேணுமாம். போய்ப் பாருங்க," என்றேன். அவர் மாட்டேன் என்று தலையாட்டினார். நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் அவள் வாசலில் நிறுத்தினேன்.

காளியண்ணன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "ஏனுங்க அம்மிணி, வண்டி எங்கீங்க நிக்குது?" என்று கேட்டார்.

கோகிலவாணி ஒன்றும் புரியாமல் அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். புரிந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள், நானே சிரித்திருப்பேன். அவள் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். "இங்கதாங்ணா நிக்குது. உக்காருங்க," என்று திரையைக் காட்டினாள். அதில் ஒரு மலை ரோடும் சிவப்புக் கார் ஒன்றும் இருந்தன.

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னாள். கம்ப்யூட்டருக்குள் படம் காட்ட ஒரு கார்டு, சத்தம் போட ஒரு கார்டு என்று தனித்தனியாக இருக்குமாம். கம்ப்யூட்டர் சொல்கிறது அந்தக் கார்டுக்கு நேராகப் புரியாதாம். நடுவில் நின்று இவர் சொன்னதை அவருக்கும், அவர் சொன்னதை இவருக்கும் எடுத்துச் சொல்கிற மென்பொருளுக்குப் பெயர்தான் டிரைவராம். சேலத்தில் வாங்கிய சத்தக் கார்டு அது இல்லாமல் வந்துவிட்டதாம்.

காளியண்ணன் கவனமாகக் கேட்டுவிட்டு, "நடுவுல நின்னு விசில் குடுக்கறவன் எப்படிங்க டிரைவராவான்? அவன் கண்டக்டருங்க," என்றார்.

ஐந்து மாதத்தில் அவர் பேசிய முதல் நகைச்சுவை அது. கோகிலவாணி அப்போதுதான் சிரித்தாள். பிறகு என்ன தோன்றியதோ, "கொஞ்சம் ஓட்டிப் பாருங்ணா," என்று கீபோர்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, கையை எடுத்துவிட்டார். "தட்டறதுக்கு இதென்ன மத்தளமுங்களா? ஸ்டீரிங் இல்லை. சத்தமும் இல்லை. இஞ்சின் சத்தம் கேக்காம எப்படிங்க கியர் மாத்தறது?" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். ஆனால் போகும்போது ஒருதரம் திரும்பித் திரையைப் பார்த்தார். அதை அவள் பார்த்துவிட்டாள். நானும் பார்த்தேன், ஆனால் எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை.

அடுத்த வாரமே சேலத்திலிருந்து ஒரு பழைய ஸ்டீரிங் வந்தது. கேம் ஆடுகிறவர்கள் மேஜையில் பொருத்துகிற சின்னச் சக்கரம், காலுக்கு இரண்டு மிதி. அதோடு வர வேண்டிய டிரைவர் டிஸ்க் இல்லை. இன்னொரு வம்பும் இருந்தது. அந்த ஸ்டீரிங் வயரைச் சொருகுகிற துளை சவுண்டு கார்டின் முதுகில்தான் இருந்தது. சவுண்டு கார்டுக்கோ டிரைவர் கிடையாது. ஆகச் சத்தம் வராவிட்டால் ஸ்டீரிங்கும் இல்லை.

"விட்டுத் தொலையேம்மா," என்றேன். "அவரு டிரைவரு, நீ கேம் கடை. உனக்கென்ன வந்துச்சு?"

"அவரு ஊட்டுல உக்காந்துட்டா யாரு பாய் ஓட்டறது? நான் காலேஜ் லீவுக்கு வந்து போறப்ப ஒருக்கா கூட அவரு என்னைய விட்டுட்டுப் போனதில்லீங்க. தூரத்துல ஓடி வாரதப் பாத்தாலே நிறுத்துவாரு," என்றாள்.

மலையில் அப்போது இன்டர்நெட் ஏது? நாமக்கல் பிரவுசிங் சென்டருக்குத்தான் போக வேண்டும். எழுபது வளைவும் அவளுக்கு ஆகாது. கையில் எலுமிச்சம்பழத்தை வைத்து மோந்துகொண்டே போவாள், திரும்பி வரும்போது முகம் வெளிறிக் கிடக்கும். முதல் தடவை இரண்டுக்குமான டிரைவரை ஐந்து ஃபிளாப்பியில் பிரித்துக் கொண்டுவந்தாள். நாலாவது ஃபிளாப்பி கெட்டுப்போயிருந்தது. ஒன்று கெட்டால் ஐந்தும் குப்பை. இரண்டாம் தடவை கொண்டுவந்ததைப் போட்டதும் திரை முழுக்க நீலமாகி நின்றுவிட்டது. கார்டின் சிப்மேல் எழுதியிருந்த எழுத்தில் ஒன்று தேய்ந்துபோய், வேறு கார்டின் டிரைவரை எடுத்து வந்திருக்கிறாள். கார்டையே கழற்றி, தாளில் சுற்றி, சேலத்துக்கு எடுத்துப்போய் ஒரு ரிப்பேர்காரரின் லென்ஸில் வைத்துச் சரியான எழுத்தைப் படித்துவிட்டு வந்தாள். மூன்றாம் தடவை சரியான டிரைவர். அப்போதும் சத்தம் வரவில்லை.

நானாக இருந்தால் அந்தப் பெட்டியைத் தூக்கிப் பலா மரத்தடியில் போட்டிருப்பேன். அவள் இரண்டு நாள் ஒரு நோட்டில் எதையோ எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் என் கடைக்கு வந்து, "கண்டுபுடிச்சுட்டேன் பாய். ஒரே சீட்டு நம்பரை ரெண்டு கார்டுக்குக் குடுத்திருக்குது. ரெண்டும் சண்டை போட்டுட்டு ஒண்ணும் உக்காரலை," என்றாள். கார்டின் ஓரத்தில் அரிசியளவு ஒரு மூடி உண்டாம், அதை இடம் மாற்றினால் நம்பர் மாறுமாம். விரல் போகவில்லை. அவள் அப்பா அரைஞாணில் கோத்திருக்கிற முள்வாங்கியை வாங்கிவந்து அதால் எடுத்து மாற்றினாள். காலில் முள் எடுக்கிற சாமான் அது.

சுவிட்சைப் போட்டாள். இஞ்சின் உறுமியது. என் கடையில் மூட்டைமேல் உட்கார்ந்திருந்த காளியண்ணன் தலையைத் தூக்கினார். "பஸ் எதுவும் வரலீங்களே. இதென்ன புது வண்டி?" என்றார். நான் பக்கத்து அறையைக் காட்டினேன். தானாகவே எழுந்து போனார். இந்தத் தடவை நான் கையைப் பிடிக்கவில்லை.

ஸ்டீரிங்கைப் பிடித்ததும் ஓட்டிவிட்டார் என்றா நினைக்கிறீர்கள்? இல்லை. சமதரையில் அழகாகப் போவார். மலை ரோட்டில், பள்ளம் தெரிகிற முதல் வளைவு வந்ததும் வலது கால் பிரேக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். கார் நிற்கும். அவரும் வியர்த்துப்போய் அப்படியே இருப்பார். கேமில் நேரம் ஓடி முடிந்துவிடும். மறுபடி முதலிலிருந்து. பத்துப் பன்னிரண்டு நாள் இதே கதை. ஆனி முடிந்து ஆடி பிறந்துவிட்டது. வெளியே ஜனங்கள் எட்டிப் பார்த்துவிட்டு, வயசான காலத்தில் பொம்மைக் கார் ஓட்டுகிறார் என்று கேலி பேசினார்கள். கோகிலவாணி கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த நேரத்துக்கு வேறு யாருக்கும் கேம் கிடையாது.

ஒரு நாள் மத்தியானம் நான் பலாச்சுளை கொண்டுபோய்க் கொடுக்கக் கதவைத் திறந்தேன். கார் அதே வளைவில் நின்றுகொண்டிருந்தது.

"விழுந்துதான் பாருங்களேன்ணா," என்றாள் அவள்.

"உள்ள ஆளுங்க இருக்குதுங்களே, கண்ணு."

"யாருமில்லீங்ணா."

"இருக்குதுங்க."

கோகிலவாணி அவருக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, தன் கையாலேயே இன்னொரு மிதியை அழுத்தி, ஸ்டீரிங்கைப் பள்ளத்தின் பக்கம் திருப்பினாள். காளியண்ணன், "ஐயோ சாமி!" என்று அலறினார். கார் சுவரைத் தாண்டி உருண்டு உருண்டு கீழே போனது. சத்தம் நின்றது. இரண்டு நொடி. கார் மறுபடி ரோட்டின் நடுவில் வந்து நின்றது, ஒரு கீறல் இல்லாமல்.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னொருக்கா," என்றார். இந்தத் தடவை அவரே ஓட்டினார். வளைவு வந்தது. கால் பிரேக்குக்குப் போனது. நான் சுளைத் தட்டைப் பிடித்தபடி நின்றேன். அந்தக் கால் மெல்ல மேலே வந்தது. கார் விழுந்தது. மறுபடி வந்தது.

காளியண்ணன் ஸ்டீரிங்மேல் நெற்றியை வைத்து அழுதார். "அன்னிக்கு மிதிச்ச காலைங்க, கண்ணு. இன்னிக்குத்தான் எடுத்தேன்," என்றார். தட்டை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அவர் நோயாளி இல்லை, மெக்கானிக் ஆகிவிட்டார். தினம் ஒரு குறை. "ஸ்டீரிங் ரொம்ப லூசுங்க, பஸ்ஸு மூணு சுத்து சுத்தினாத்தான் திரும்பும், இது தொட்டாலே திரும்பிக்குது." ஸ்டீரிங் டிரைவரோடு வந்த ஃபைலில் ஓர் எண் இருந்தது, அதை அவள் குறைத்துக்கொண்டே வந்தாள். அவர் ஓட்டிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம்," என்பார். கடைசியில் ஒரு நாள், "எல்லாஞ் சரிங்க. ஆனா பனி இல்லாம இது சோளக்காட்டு ரோடே இல்லீங்க," என்றார்.

அவர் வாயாலேயே பனியைக் கேட்டார். அவள் அதற்காகவே காத்திருந்த மாதிரி படக் கார்டின் டிரைவரைத் தேடிப் புறப்பட்டாள். பழைய டிரைவரில் படம் மட்டும் வரும், பனி வராது. புதியதைப் போட்டதும் திரையில் ரோடு மங்கிப் பள்ளம் மறைந்தது. காளியண்ணனின் கை ஒரு கணம் ஸ்டீரிங்கை விட்டது. பிறகு பிடித்துக்கொண்டது. ஹாரன் எங்கே என்று கேட்டார். அன்றைக்கு எழுபது வளைவுக்கு மேலேயே ஓட்டியிருப்பார்.

ஆடிப் பதினெட்டு. நான் நாமக்கல்லில் வேலை முடித்துவிட்டு மலையடிவாரம் காரவள்ளியில் திருவிழா பஸ்ஸுக்கு நின்றேன். பஸ் வந்தது, அடித்துப் பிடித்து ஏறி இடம் போட்டேன். முதல் நாளே கீழே இறங்கியிருந்த கோகிலவாணி முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் டிரைவர் கதவு திறந்தது. காக்கிச் சட்டையில் காளியண்ணன் ஏறினார்.

பின்னால் ஒரு குரல், "ஏனுங்க, நடுவழியில நிறுத்திட்டு உக்காந்த மனுசன்தானுங்களே இது?" என்றது. அவ்வளவுதான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் இறங்கினாள். அவளுக்குப் பின்னால் நாலு பேர். பிறகு வரிசையாக. இரண்டு நிமிஷத்தில் பஸ் காலி.

நானும் இறங்கினேன்.

மறைக்க மாட்டேன். அந்தக் கால் மேலே வந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். அந்தப் பெண் எத்தனை தடவை வெளிறிய முகத்தோடு மலை ஏறி வந்தாள் என்று தெரிந்தவன் நான். ஆனாலும் எல்லாரும் இறங்கியபோது என் கால் தானாக இறங்கிவிட்டது. "ஒரு சாமானை மறந்துட்டேன்," என்று யாரும் கேட்காமலேயே சொன்னேன். கோகிலவாணி என்னைப் பார்த்தாள். பிறகு முன்பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்டக்டர் விசில் கொடுத்தார். அவளையும் கண்டக்டரையும் மட்டும் ஏற்றிக்கொண்டு பஸ் புறப்பட்டது. காளியண்ணன் பின்பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை.

அடுத்த பஸ்ஸில் நெருக்கியடித்து நின்றபடி வந்தேன். ஒவ்வொரு வளைவிலும் எட்டிப் பார்த்தேன். மூன்றாவது வளைவில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. சோளக்காட்டுக்குக் கீழே ரோடே தெரியாத பனி. சுவர் முழுசாக இருந்தது. செம்மேட்டில் இறங்கியபோது அந்த பஸ் என் கடைக்கு எதிரே நின்றது. திருவிழா முடித்த கூட்டம் கீழே போக அதைச் சுற்றிக் காத்து நின்றது. கோகிலவாணி வழக்கம்போலக் கடையைத் திறந்து கூட்டிக்கொண்டிருந்தாள்.

காளியண்ணன் டீ கிளாஸோடு என்னைப் பார்த்தார். எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது? அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, இத்தனை நாள் என் மூட்டைமேல் உட்கார்ந்து பேசிய அதே குரலில் கேட்டார்.

"ஏனுங்க பாய், கீழ போறனுங்க. ஏதாச்சும் ஜோலி இருக்குதுங்களா?"

எனக்குக் கீழே ஒரு ஜோலியும் இல்லை. அங்கிருந்துதான் அப்போது வந்திருந்தேன்.

"இருக்குதுங்க," என்று சொல்லி, முதல் ஆளாக ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தேன்.